ஞாயிற்றுக்கிழமை அக்கா

புதன்கிழமை காலை, ஷிப்ட் மாறும் நேரம். சேதராப்பட்டில் எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று கம்பெனி பஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நான் அங்கே தொழிற்சங்கச் செயலாளர். வாசலில் நின்று பேசுவது என் வழக்கம். கூட்டத்தில் பாதிப் பேர் என்னை விட்டுவிட்டுக் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "பேசி முடிக்கிற வரைக்கும் அத உள்ள வைங்களேன்யா" என்றேன். முன்னால் நின்ற பெண் ஒருத்தி கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தெரேஸ் மேடத்தின் படம். அதன் கீழே, நேற்று மாலை நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார், அடக்கம் இன்று மாலை என்று எழுதியிருந்தது.

அந்தப் பஸ் பிரச்சினையே அவரோடு பேச வேண்டியதுதான். அவர் எங்கள் கம்பெனியின் மனிதவள அதிகாரி, பழைய ஆட்கள் சொல்வதுபோல பர்சனல் ஆபீசர். மறுநாள் அவர் அறையில் போய் உட்கார்ந்து அதற்காக ஒரு பாடு சண்டை போடுவதாக இருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்றுகூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

மரி தெரேஸ் என்பது அவருடைய முழுப்பெயர். இந்த நினைவு மலரை வாசிப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் தொழிற்சாலையில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் தொலைநிலைக் கல்வியில் மனிதவள மேலாண்மை முதுகலை படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் அவரோடு உட்கார்ந்தவர்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் படிக்கப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடியபோது கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீசை அவருக்குப் படித்து விளங்கச் சொல்ல ஆள் இல்லை. சங்கத்துக்கு வந்த பிறகு எனக்கு ஓர் ஆசை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவர்கள் என்னதான் படித்துவிட்டு வருகிறார்கள், நம்மை என்ன செய்யச் சொல்லி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். விண்ணப்பம் போட்டேன். தபாலில் புத்தகக் கட்டு வந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே கூடி நின்று அதைப் பார்த்தது. "கல்யாணப் பத்திரிகையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எல்லாம் இங்கிலீஷ். பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன். தொடர்பு வகுப்புக்குப் போனால் ஏதாவது புரியும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

வகுப்பு டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முட்டி இடிக்கும். கதவைத் தாண்டி உள்ளே போனால் முதல் வரிசையில் தெரேஸ் மேடம். காலைப் பூசை முடித்து நேராக வந்திருந்தார், கையில் அதே புத்தகக் கட்டு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கேண்டீன் சாம்பாருக்காக அவர் மேஜையை நான் ஓங்கித் தட்டியிருந்தேன். அவரும் விடவில்லை, "மேஜ கம்பெனியோடது, கை உங்களோடது, பாத்துக்குங்க செயலாளர்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது அந்த அறையில் காலியாக இருந்த ஒரே இடம் அவர் பக்கத்தில். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன்.

"உக்காரு குமரேசு" என்றார். அதற்கு முன் அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. "இங்க நீ செயலாளரும் இல்ல, நான் ஆபீசரும் இல்ல. ரெண்டு பேரும் அரியர் வைக்காம பாஸ் பண்ணணும், அவ்ளோதான்."

"சரிங்க மேடம்."

"மேடம் இல்ல, அக்கா. ஞாயித்துக்கெழம அக்கா, திங்கக்கெழம மேடம். இங்க பேசறது அங்க வரக்கூடாது, அங்க போடற சண்ட இங்க வரக்கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது? நின்றுகொண்டிருந்தால் கால் வலிக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டை அவர் படிப்பு முடியும்வரை மீறியதில்லை. ஒரே ஒரு முறை தவிர, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஏன் படிக்க வந்தார் என்பது பலருக்குத் தெரியும். மனிதவளப் பிரிவின் மேனேஜர் ஓய்வு பெறும் நிலையில் இருந்தார். அந்த இடத்துக்கு வருகிறவர் முதுகலை முடித்திருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அந்த மேனேஜர் செய்த வேலையில் முக்கால்வாசியை வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தவர் தெரேஸ் மேடம்தான். பட்டம் மட்டும் இல்லை. அந்த வயதில் மறுபடியும் ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போவது சும்மா இல்லை. அவர் அதைப் பற்றி அலுத்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. அவருக்கு அந்த நாற்காலி வேண்டும், அதற்காகப் படித்தார். வேண்டும் என்பதை மறைக்கவும் மாட்டார்.

ஞாயிறு மதியத்தில் நாங்கள் குருசுக்குப்பத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து படிப்போம். தொழில் உறவுகளும் தொழிலாளர் சட்டமும் என் பங்கு. நான் படித்துவிட்டு அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பயிற்சி, ஊதியம், ஆள்தேர்வு எல்லாம் அவர் பங்கு. புள்ளியியல் இரண்டு பேருக்கும் எமன். நான் எப்படியோ தேறிவிட்டேன், அவருக்கு அரியர் விழுந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஊர்ல இருக்கறவன் லீவு கணக்கெல்லாம் பாக்கறேன், இது வரலியே" என்று புத்தகத்தை மேஜையில் போட்டார். மறுமுறை எழுதித் தேறினார். தேறியதும் எனக்கு போன் செய்து, வேறெதுவும் பேசாமல், "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

புத்தகத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆளும் இல்லை அவர். மனிதனின் தேவைகள் படிப்படியாக ஏறும், முதலில் பசி, அப்புறம் பாதுகாப்பு, அதற்கெல்லாம் மேலே போய்த்தான் மரியாதை என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்துவிட்டு பென்சிலை வைத்தார். "நம்ம ஆளு மொதப் படியில நின்னுகிட்டே மரியாத கேக்கறானே குமரேசு. சாம்பார் தண்ணியா இருந்தா சாப்ட்டுட்டுப் போயிடுவான். அத ஊத்தற ஆளு மூஞ்சிய திருப்பிக்கிட்டு ஊத்துனாதான் உன்கிட்ட வந்து சொல்றான். இத எந்தப் படியில வைக்கறது?" என்றார். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை மேஜை தட்டியது ஞாபகம் வந்தது. அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தப் பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. என்ன எழுதினார் என்று கேட்டேன். புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு, கடைசியில் தன் கேள்வியையும் எழுதி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் அல்பேர் அண்ணனைச் சொல்லாமல் விட முடியாது. படகு இன்ஜின் மெக்கானிக். எப்போது பார்த்தாலும் கையில் கிரீஸ். ஒரு தடவை, எங்கள் ஆள் ஒருவனுக்கு லீவு மறுத்துவிட்டார்கள் என்று கொதித்துப்போய் நேராகக் குருசுக்குப்பம் வீட்டுக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தவர் அல்பேர் அண்ணன்.

"இன்னிக்கு என்னா கெழம?" என்றார்.

"செவ்வாய்."

"அப்ப ஆபீசுல போய் பாரு" என்று கதவைச் சாத்திவிட்டார். உள்ளேயிருந்து மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனாலும் தெருமுனை வருவதற்குள் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது அவர் மறுபடியும் வாசலை மறித்துக்கொண்டு, "என்னா கெழம?" என்றார். ஞாயிறு என்றேன். "அப்ப உள்ள வா" என்று வழிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்காமல் அவர் என்னை உள்ளே விட்டதில்லை.

தொழிற்சாலையில் அவர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளகிய மனசுக்காரர் என்று யாராவது எழுதினால் அது பொய். தாமதமாக வந்தவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். பொய்ச் சான்றிதழ் கொண்டுவந்தவனை அழவைத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் யாருக்காவது குற்றச்சாட்டுக் கடிதம் கொடுக்க வேண்டி வந்தால், அந்த ஆள் அறைக்குள் வரும்போது எழுந்து நிற்பார். நின்றுகொண்டே அதில் இருப்பதைத் தமிழில் சொல்வார். சொல்லி முடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் உட்காருவார். ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "ஒருத்தன் வேலைக்கு ஒல வைக்கறோம், உக்காந்துகிட்டா வைக்கறது?" என்றார்.

விசாரணை முடிக்கும்போது அவர் தன் ஆட்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னும் யாரக் கேக்கல?" எல்லோரும் எழுந்து கிளம்பும் நேரத்தில் கேட்பார். பசி நேரமாக இருந்தாலும் கேட்பார். அதைக் கேட்டாலே அவருடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, வேலாயுதம் விஷயம் வரும்வரை.

வேலாயுதத்தை நம் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியாது. எங்கள் மோல்டிங் பிரிவில் மெஷின் ஆபரேட்டர். ஒருநாள் ஷிப்டுக்கு நடுவில் மெஷினை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மெஷினில் அச்சு சிக்கி உடைந்து, அந்த வரிசையே நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் தன் மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்பது அவர் பக்கம். என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது சூப்பர்வைசர் பக்கம். கேட் பாஸ் இல்லாமல் ஆளை அனுப்பியதாக ஒப்புக்கொண்டால் தன் வேலைக்கு ஆபத்து என்று அந்த மனிதருக்குப் பயம். ஒருவர் வார்த்தைக்கு எதிராக இன்னொருவர் வார்த்தை. யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு ஓடினார் என்று முடிவானால் வேலாயுதத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிர்வாகத் தரப்பை எடுத்துச் சொல்பவர் தெரேஸ் மேடம். வேலாயுதம் பக்கம் பேசுபவன் நான். திங்கட்கிழமை விசாரணையின் கடைசி நாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு, வகுப்பில் பாடம் உள்விசாரணை. பேராசிரியருக்கு நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி என்று தெரியாது. மாதிரி விசாரணை ஒன்று நடத்திப் பார்ப்போம் என்று புத்தகத்தில் இருந்த சின்ன வழக்கை எடுத்தார். ஒரு தொழிலாளி அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான் வழக்கு. என்னை நிர்வாகத் தரப்பாக நிற்கச் சொன்னார். அக்காவை அந்தத் தொழிலாளியின் பக்கம் பேசச் சொன்னார். எனக்கு ஏக குஷி. அக்காவின் குரலிலேயே, "ஒழுங்கு இல்லாம ஃபாக்டரி இல்லங்க" என்று ஆரம்பித்தேன். நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கும்.

அக்கா எழுந்தார். முதலில் அவரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார். பேசப் பேசச் சிரிப்பு போய்விட்டது. குரல் உயர்ந்தது. "அந்த சூப்பர்வைசர் அன்னிக்கு ஆபீசுக்குப் போன் பண்ணி, அவன் பொண்ணுக்கு முடியல, அனுப்பி வச்சிட்டேன்னு சொன்னாரே, அந்தப் போன எடுத்த பொண்ண ஏன் சாட்சிக்குக் கூப்பிடல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டினார். "கேள்வி நல்லா இருக்கும்மா. ஆனா இந்த வழக்குல சூப்பர்வைசரும் இல்ல, போனும் இல்லையே."

அக்கா தன் புத்தகத்தைப் பார்த்தார். "தப்பா படிச்சிட்டேன் சார்" என்று சொல்லி உட்கார்ந்தார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். சூப்பர்வைசர் போன் செய்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வேலாயுதத்துக்கும் தெரியாது. அது எங்களுடைய வழக்கு, புத்தகத்துடையது இல்லை.

வகுப்பு முடிந்து வெளியே டீக்கடையில் நின்றோம். அவர் என்னிடம், இதை அங்கே கொண்டுவராதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. டீயை முழுக்கக் குடித்தார், கிளாசை வைத்தார். "நாளைக்குப் பாக்கலாம்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்கு நடந்தேன். ஞாயிறு பேசியது திங்களுக்கு வரக்கூடாது என்று ஒப்புக்கொண்டவன்தான் நான். ஆனால் ஒருவனுடைய வேலை அதில் கிடக்கிறது. கேட்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்ய எனக்கு நேரம் ஆகவில்லை. அதற்காக அவர் என்னோடு பேசாமல் போனாலும் சரி, படிப்பை விட்டாலும் சரி. இதை எழுத எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. வருத்தம் மட்டும் இருந்தது, நல்ல சிநேகிதம் ஒன்று நாளையோடு முடிகிறதே என்று.

திங்கட்கிழமை கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் கூடினோம். விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், தொழிற்சாலையின் பொது மேலாளர், சூப்பர்வைசர், வேலாயுதம், மேடம், நான். நிர்வாகத் தரப்பில் வேறு சாட்சி இல்லை என்று மேடம் சொன்னதும் நான் கேட்பதாக இருந்தேன். கேள்வி நாக்கில் வந்து நின்றது. வக்கீல், "மேடம், உங்க பக்கம் முடிச்சிக்கலாமா?" என்றார்.

மேடம் எழுந்து நின்றார். "இன்னும் ஒருத்தரக் கேக்கல சார். எங்க ஆபீசு டைப்பிஸ்ட் சுமதி. வெளிய உக்காந்திருக்காங்க. நிர்வாகத் தரப்பு சாட்சியா கூப்பிடறேன்."

பொது மேலாளரின் முகம் மாறியது. "மேடம், ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றார்.

"விசாரண நடக்குது சார். முடிச்சிட்டு வர்றேன்."

சுமதி உள்ளே வந்தாள். சூப்பர்வைசர் போன் செய்ததைச் சொன்னாள். உடனே சூப்பர்வைசர், "ஆமாங்க, நான்தான் பண்ணேன். பயந்துட்டேன்" என்றார். வேலாயுதம் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. அடுக்கி வைத்திருந்த கேள்விகளோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேலாயுதத்தின் வேலை நிலைத்தது. ஆனால் மேடம் அவரைச் சும்மா விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். சொல்லிவிட்டுப் போனது சரி, மெஷினை நிறுத்தாமல் போனது தப்பு, அச்சு உடைந்து பக்கத்தில் நின்றவன் மேல் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்கு இன்கிரிமெண்டை வெட்டச் செய்தார். நான் எவ்வளவோ வாதாடினேன். அசையவில்லை.

சுமதியை அவரே ஏன் கூப்பிட்டார் என்று கேட்க ஞாயிறு வரை காத்திருந்தேன். வாசலில் அல்பேர் அண்ணன் கிழமை கேட்டு உள்ளே விட்டார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"நான் கேட்டுடுவேன்னு பயந்துதான் நீங்களே முந்திக்கிட்டீங்களாக்கா?"

"நீ கேப்பன்னு தெரியும். கேக்காம இருந்தா அப்புறம் உன்ன நான் மதிச்சிருக்க மாட்டேன்." காப்பியை என் பக்கம் தள்ளினார். "சுமதி சனிக்கெழமதான் சொல்லிச்சு. நேரா மேல போய் பொது மேலாளர்கிட்ட சொன்னேன். சங்கத்துல யாரும் கேக்கலியே, நாம ஏன் சொல்லணும்னாரு. சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆனா வகுப்புல நீ என் எடத்துல நின்னு என்ன மாதிரியே பேசினியே, அதக் கேட்டப்ப எனக்கே புடிக்கல. வாய் தானா தொறந்துகிச்சு."

"அத நான் கேட்டாலும் வேலாயுதம் பொழச்சிருப்பாரே."

"நீ கேட்டு வந்தா சங்கம் புடுங்கினதா ஆவும். நாங்களே சொன்னா கம்பெனி குடுத்ததா ஆவும். நாளைக்கு இன்னொருத்தன் அந்த ரூமுக்குள்ள வரும்போது, இங்க உண்மைய சொன்னா எடுபடும்னு நம்பி வரணும் இல்ல? எடுத்து வச்சிக்க, அந்த தொழில் உறவு புத்தகத்த. இன்னிக்கு உன் பாடம்."

அதற்கு அவர் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். பரீட்சை முடிவு வந்தது, நல்ல வகுப்பில் தேறினார். பட்டம் தபாலில் வந்தது. மேனேஜர் நாற்காலிக்கு வெளியூரிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். காரணம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்தைக் கூட்டி, மேடத்துக்கு நியாயம் கேட்டு வாசலில் ஆர்ப்பாட்டம் செய்வோம் என்று தீர்மானமே போட்டுவிட்டோம். சங்கத்தின் சரித்திரத்தில் மேனேஜ்மெண்ட் ஆளுக்காகப் போட்ட ஒரே தீர்மானம் அதுதான். செய்தி கேட்டு மேடம் ஓடிவந்தார். "ஐயோ செயலாளர், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க எனக்காக கோஷம் போட்டா இருக்கற வேலையும் போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே சிரிக்கவும் செய்தார்.

ஆனால் அவருக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில். அக்கா அதைப் பார்த்தபடியே, "நாற்காலிக்குன்னுதான் குமரேசு ஆரம்பிச்சேன்" என்றார். பிறகு, "புள்ளியியல் பாஸ் பண்ணன்னிக்கு அத மறந்துட்டேன் போலிருக்கு" என்றார். வந்த புது மேனேஜரை ஒவ்வொரு பிரிவாகக் கூட்டிப்போய் ஆட்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். அந்தப் பையனும் அவரை மேடம் என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றான்.

அடக்கத்தன்று நான் போனபோது வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் வேலாயுதம். விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார் என்றார்கள். எங்கள் ஆட்களில் ஒருவன் கிண்டலாக, "இன்கிரிமெண்ட்ட வெட்னவங்களுக்கா இவ்ளோ வேல பாக்கற?" என்று கேட்டுவிட்டான். வேலாயுதம் கையிலிருந்த நாற்காலியைப் பிரித்துப் போட்டார். "தண்டன குடுத்தாங்கதான். ஆனா என்னக் கேட்டுட்டுக் குடுத்தாங்க" என்றார். கேட்டவன் அவரோடு சேர்ந்து நாற்காலி போட ஆரம்பித்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். போன வாரம் எங்கள் சங்கக் குழுவில், வேலைநிறுத்தத்தன்று வேலைக்குப் போன உறுப்பினர் ஒருவரை நீக்குவது என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தோம். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவன் நான்தான். போட முடியவில்லை. "இன்னும் யாரக் கேக்கல?" என்றேன். எல்லோரும் என்னை எரிச்சலோடு பார்த்தார்கள். அந்த எரிச்சலை நான் நன்றாக அறிவேன். அந்த ஆளையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டோம். அவர் சொன்ன காரணம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை, நீக்கத்தான் செய்தோம். முடிவைச் சொல்லும்போது நான் எழுந்து நின்று சொன்னேன்.

புதன்கிழமையை முடித்துவிடுகிறேன். அன்று குருசுக்குப்பம் வீட்டில் கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். பெட்டியை நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அல்பேர் அண்ணன் உட்கார்ந்திருந்தார், கையெல்லாம் சுத்தமாகக் கழுவியிருந்தது. நான் நிலைப்படியிலேயே நின்றேன். ஊரே மேடம் மேடம் என்று அழுதுகொண்டிருந்தது. அல்பேர் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"குமரேசு, இன்னிக்கு என்னா கெழம?"

"ஞாயித்துக்கெழமண்ணே."

"அப்ப உள்ள வா" என்றார்.